சாமி இறங்காத பங்குனிப் பொங்கல்

அன்புள்ள அண்ணன் மகேஷ்குமாருக்கு, ஏழாயிரம்பண்ணையிலிருந்து தங்கை பாண்டிமீனா வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நானும் வீட்டுக்காரரும் ஆடுகள் இரண்டும் நலம். மதினியும் பிள்ளைகளும் நலமாக இருக்கக் கருப்பசாமி துணை. போனில் சொன்னால் நீங்கள் இடையில் புகுந்து விளக்கம் கொடுப்பீர்கள் என்பதால் கடிதம்.

தைப்பொங்கலுக்கு வந்தபோது என் வீட்டுக்காரரை உட்காரவைத்து ஒரு மணி நேரம் பேசினீர்களே, மூவாயிரம் வருசத்துக்கு முன்னால் மனுசனுக்கு 'நான்' என்கிற நினைப்பே கிடையாது, மண்டைக்குள் ஒரு குரல் கட்டளை போடும், அதைச் சாமி என்று நம்பி உழுதான், சண்டைக்குப் போனான், அந்தக் குரல் நின்ற பிறகுதான் தானாக யோசிக்க ஆரம்பித்தான் என்று ஒருத்தர் புத்தகத்தில் எழுதியிருப்பதாக. இன்னொருத்தர் காளான் தின்றுதான் மனுசனுக்கு அந்தப் புத்தி வந்தது என்கிறாராம். அன்றைக்கு நான் வைத்திருந்ததும் காளான் குழம்பு. இவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். இருபது வருசமாகக் கருப்பசாமிக்கு ஆடுகிற மனுசன். அதன் பிறகு பேச்சே குறைந்துவிட்டது. கூப்பிட்டால் திரும்புவதில்லை. பட்டாசுக் கம்பெனி வேன் வந்து ஹாரன் அடித்தாலும் எங்கேயோ பார்த்து நிற்கிறார். உள்ளே பேசுவது சாமியா, தானா என்று யோசிக்கிறார்போல என்று நானும் தொந்தரவு செய்யவில்லை.

போன வாரம் பங்குனிப் பொங்கல். அரை மணி நேரம் மேளம் அடித்தும் சாமி இறங்கவில்லை. அடித்தவர்களுக்கு வியர்த்துக் கொட்டியது, இவருக்கு வியர்க்கவில்லை. பங்காளி கோட்டைச்சாமி, சாமியாடி பிடிக்கிற அரிவாளை இனித் தன்னிடம் கொடுத்துவிடலாமே என்று பெரியவர்களிடம் பேச ஆரம்பித்துவிட்டார். அந்த நேரம் பார்த்துப் பக்கத்துத் தெரு ராக்காயி, மகள் இசைவாணியைக் கையைப் பிடித்து இழுத்துவந்து, இவளைப் படிப்பை நிறுத்தித் தன் தம்பிக்கே வைகாசியில் கட்டிக்கொடுக்கலாமா என்று குறி கேட்டாள். பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றது. இவர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு வீட்டில் பேசுகிற குரலிலேயே சொன்னார்:

"எனக்கு ஒண்ணும் தெரியல தாயி. ஒம் மககிட்டயே கேளு."

சாமியாடி இப்படிச் சொல்லி யாரும் கேட்டதில்லை. ராக்காயிக்கு வேறு வழியில்லை, கேட்டாள்.

"நர்சிங் முடிக்கணும்மா. மாமாவக் கட்டிக்க எனக்கு இஷ்டமில்ல" என்றது இசைவாணி, அம்புட்டுப் பேர் முன்னால்.

ராக்காயி இவரிடம் திருநீறு வாங்கி மகள் நெற்றியில் பூசி, வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். கோட்டைச்சாமியும் அரிவாள் பேச்சை விட்டுவிட்டார். எனக்குப் பெருமையாக இருந்தது என்பது வேறு விஷயம். இப்போது ஆமத்தூரிலிருந்துகூட ஆள் வருகிறது. எல்லாருக்கும் அதே பதில்தான், அவர்களும் தெளிந்த முகத்தோடு போகிறார்கள். ஆனால் என்ன குழம்பு வைக்க என்று நான் கேட்டாலும் அதே பதில் என்றால் எப்படிக் குடும்பம் நடத்துவது? ஆகவே நீங்கள் லீவு போட்டு வந்து, அன்றைக்குச் சொன்னது எல்லாம் யாரோ ஊகத்தில் எழுதியது என்று இவரிடம் சொல்லிவிட்டுப் போகவும்.

மதினியைக் கேட்டதாகச் சொல்லவும். எனக்கு உங்கள் ஆசி போதும்.

தங்கை,
பாண்டிமீனா

பி.கு.: கடிதத்தைத் தபாலில் போடுவதற்குள் இவரைச் சிவகாசியில் காது டாக்டரிடம் காட்டி வந்தோம். இரண்டு காதிலும் அழுக்கு இறுகி, மார்கழியிலிருந்தே அடைத்திருந்ததாம். நீங்கள் பேசியதில் ஒரு வார்த்தைகூட விழவில்லையாம். மேளம் தூரத்தில் யாரோ கதவைத் தட்டுகிற மாதிரி இருந்ததாம். ராக்காயி என்ன கேட்டாள் என்பதே இவருக்குத் தெரியாது. ஆகவே நீங்கள் வர வேண்டாம். ராக்காயிக்கு மட்டும் இது தெரிய வேண்டாம் அண்ணா. இசைவாணி நேற்றுத்தான் காலேஜுக்கு பஸ் ஏறியது.