ஸ்காலர்ஷிப் நைனாவும் எங்கள் வீட்டு அண்டாவும்

ஒருவன் உருப்படாமல் போக எத்தனையோ வழிகள் உண்டு. ஸ்காலர்ஷிப் நைனாவிடம் யோசனை கேட்பதைப்போல் நிச்சயமான வழி வேறில்லை. கேட்காவிட்டாலும் தருவார்.

திருவாலங்காட்டில் ரயிலேறி முறுக்கு விற்பவர். தனிக்கட்டை, எங்களுக்குப் பக்கத்து வீடு. கல்லூரிப் பையன்கள் பேசுவதைக் கேட்டுக் கேட்டே உதவித்தொகைகளில் நிபுணராகிவிட்டார். பேச்சு முடிவதற்குள் அடுத்த பெட்டிக்குப் போய்விடுவதுதான் சிக்கல்.

எனக்குப் பி.யூ.சி.யில் இடம் கிடைத்திருந்தது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை உள்ளே போய்ப் பார்த்தவனே நான்தான். ஸ்காலர்ஷிப் இல்லையென்றால் அப்பாவோடு கூலிக்கு வரப்பு வெட்டப் போகவேண்டியதுதான்.

நைனா முதலில் கொண்டுவந்தது, போரில் இறந்த சிப்பாய்களின் பிள்ளைகளுக்கானது. அப்பாவை ஏற இறங்கப் பார்த்தார்.

"மிலிட்டரில சேர வயசு தாண்டிப்போச்சா உனுக்கு?"

"சேந்தா மட்டும் போதுமா அண்ணே, சாவணுமே" என்றார் அப்பா.

"ஆமா இல்ல. அது ஒரு பேஜாரு."

அடுத்தது மீனவர் பிள்ளைகளுக்கு. "பழவேற்காட்ல போய் ஒரு மாசம் வல இழுத்துக்கினு இரேன்" என்றார். எனக்குக் குளத்திலேயே கால் நடுங்கும்.

கடைசியில் ஏழை மாணவர்களுக்கான உதவிக்கு நானே மனுப் போட்டேன். தாலுகா ஆபீஸ் ரெவின்யூ இன்ஸ்பெக்டர், அதாவது ஆர்.ஐ., வந்து வீட்டைப் பார்த்து வருமானச் சான்று தரவேண்டும். அவர் வருகிற அன்று காலையிலேயே நைனா வந்துவிட்டார்.

"இன்னாடா இது, ஏழை ஊடு மாரியே இல்லியே."

"நாங்க நெசமாவே ஏழைங்கதான் நைனா."

"அது உனுக்குத் தெரியும். ஆர்.ஐ.க்கு எப்டித் தெரியும்? அண்டாவப் பாரு, கல்யாண ஊடு கணக்கா மின்னுது."

அம்மாவின் சீதன அண்டா, பெஞ்சு, அப்பாவின் ஓட்டைச் சைக்கிள், இரண்டு ஆடுகள் எல்லாம் அவர் வீட்டுக்குப் போயின. பாயாவது இருக்கட்டும் என்றாள் அம்மா. "இருக்கட்டும்" என்று சொல்லி, அதைப் பாதியாகக் கிழித்துப் போட்டார். இருந்த ஒரே நல்ல பாய்.

ஆர்.ஐ. வந்தார். உட்கார இடமில்லாமல் நின்றபடியே எழுதிக்கொண்டு வெளியே போனார். போனவர் நேரே நைனா வீட்டுக்குள் நுழைந்தார்.

அப்போதுதான் தெரிந்தது, நைனாவும் முதியோர் உதவித்தொகைக்கு மனுப் போட்டிருந்தது. ஊரார் மனுவெல்லாம் ஞாபகம் வைத்திருப்பவர் தன் மனுவை மறந்துவிட்டார். வேலி வழியாகக் கேட்டது.

"ஆதரவில்லாதவர்னு எழுதியிருக்கீங்களே பெரியவரே. இந்த அண்டா, சைக்கிளு, ஆடெல்லாம் யாருது?"

ஒரு வார்த்தை உண்மை சொன்னால் என் படிப்பு போச்சு.

"என்துதான் சார். குந்துங்க, பெஞ்சு கீது."

எனக்குச் சான்று கிடைத்தது. அவர் மனு தள்ளுபடி. மனசு கேட்காமல் அவரிடம் ஓடினேன்.

"இன்னா நைனா, உன் மனுவ மறந்துட்டியே."

"ரெண்டுக்கும் ஒரே நாள்ல வருவான்னு எவன் கண்டான்? அண்டாவ எட்துக்கினு போ. இம்மாம் பளபளன்னு தேய்க்க வேணாம்னு அம்மாகிட்ட சொல்லு."

அதற்குப் பிறகும் முறுக்குக் கூடையோடுதான் அலைந்தார். நான் கல்லூரிக்குப் போகும் காலை ரயிலில் என் பெட்டியைத் தேடிப் பிடித்து, "இவன் ஸ்காலர்ஷிப்பு பையன், இவன்கிட்ட காசு வாங்க மாட்டேன்" என்று எல்லோருக்கும் கேட்கக் கூவுவார். என் மானம் போகும். அவர் வராத நாட்களில், வண்டி நகர்ந்த பிறகும் கதவோரம் நின்று பிளாட்பாரத்தையே பார்த்துக்கொண்டிருப்பேன்.