பாய்லருக்கு இடம் விட்ட ப்ராசசர்

முண்டாரா,
நவம்பர், ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள அக்கா நொரீனுக்கு,

தம்பி டெஸ்மண்ட் எழுதுவது. இங்கே நானும் நாயும் மழைநீர்த் தொட்டியும் நலம். பிரசவத்துக்குப் போன இடத்தில், பெர்த்தில், நீயும் மகளும், இன்னும் பெயர் வைக்காத பேத்தியும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். ‘டெஸ்மண்டா’ என்ற பெயரை இதுவரை யாரும் எடுத்துக்கொள்ளவில்லை என்று தெரிகிறது. தகவலுக்காகச் சொன்னேன், வற்புறுத்தவில்லை.

இதை நான் தொலைபேசியில் சொல்லியிருக்கலாம். தொலைபேசியில் நீ குறுக்கே பேசுவாய். கடிதத்தில் உனக்கு அந்த வசதி கிடையாது. உன் கணவர் கிளைவ் மச்சான் இதற்குள் தன் பக்கத்துக் கதையைச் சொல்லியிருப்பார். அதை நான் கேட்கவில்லை, ஆனாலும் முழுவதையும் மறுக்கிறேன். சுருக்கமாகச் சொன்னால், நம் ஊர்க் கண்காட்சியில் என் கணினிக்கு நீல ரிப்பன், அதாவது முதல் பரிசு. கிளைவ் மச்சானுக்கு இரண்டாம் பரிசு. போட்டிக்கு வந்ததே இரண்டு கணினிதான் என்பதால் இரண்டாம் பரிசு என்றால் என்னவென்று உனக்கே புரியும். ஆகவே இந்தக் கிறிஸ்துமஸ் விருந்தில் பச்சைத் தொப்பி அவர் தலையில்.

உனக்குத் தெரிந்த கதைதான். ஆனாலும் பெருமையாக எழுத உட்கார்ந்தவன் ஆரம்பத்திலிருந்து எழுதுவதே முறை. நம் அப்பா ஒரு கார்க் கம்பெனியின் பக்தர். கிளைவின் அப்பா அடுத்த கம்பெனியின் பக்தர். அக்டோபரில் மலைமேல் நடக்கும் கார்ப் பந்தயத்தில் எவருடைய கம்பெனி தோற்றதோ அவர் கிறிஸ்துமஸ் அன்று ஜெயித்த கம்பெனியின் நிறத்தில் தொப்பி போட்டுக்கொண்டு, இறால் முதல் புட்டிங் வரை சாப்பிட்டு, போட்டோவுக்கும் நிற்க வேண்டும். உன் கல்யாணமே இதனால் ஒரு வருடம் தள்ளிப்போனது. பிறகு இரண்டு கம்பெனிகளும் அடுத்தடுத்து இந்த நாட்டில் கார் செய்வதையே நிறுத்தின. அன்றிலிருந்து நம் கிறிஸ்துமஸ் விருந்தில் களை இல்லை. ஒருவரை ஒருவர் ‘உடம்பு எப்படி இருக்கு?’ என்று விசாரித்துக்கொள்ளும் அளவுக்கு நிலைமை கீழே போய்விட்டது.

இந்தக் குடும்பத்தைக் காப்பாற்றியது ப்ராசசர். நான் பச்சைப் பெட்டிக் கம்பெனியின் ப்ராசசரை வாங்கினேன். அதைக் கேள்விப்பட்ட அன்று மாலையே மச்சான் ஆரஞ்சுப் பெட்டிக் கம்பெனியின் ப்ராசசரை வாங்கினார். என்னுடையதில் இருபத்து நான்கு கோர். அதாவது ஒரே மண்டைக்குள் இருபத்து நான்கு வேலையாட்கள். அவருடையதில் எட்டே பேர். ஆனால் அந்த எட்டுப் பேரின் கைக்கெட்டும் தூரத்தில் பெரிய அலமாரி ஒன்று வைத்திருக்கிறார்களாம், விளையாட்டுக்கு வேண்டிய சாமானை எழுந்து போகாமலே எடுக்கலாமாம். அவருக்கு வேறென்ன வேலை? மூடிப்போன கம்பெனியின் காரை அதே மலைமேல் கம்ப்யூட்டரில் ஓட்டி ஜெயிக்கிறார். நானோ ஒரு ஜன்னலில் மழைக்கணக்கு, ஒன்றில் கம்பளி விலை, ஒன்றில் கிரிக்கெட் என்று பொறுப்பாக வாழ்கிறவன்.

“இருபத்தி நாலு பேரை வேலைக்கு வச்சு மழைக்கணக்கு எழுதுறான்யா என் மாப்ள,” என்று அவர் பௌலிங் கிளப்பில் எல்லோர் காதிலும் விழும்படி சொன்னார்.

“உங்க ப்ராசசர் விளையாட மட்டும் தெரிஞ்ச வீட்டு மாப்பிள்ளை, மச்சான். கூப்பிட்டா வேலைக்கு வராது,” என்றேன். கிளப் என் பக்கம் சிரித்தது. இதையும் பதிவு செய்கிறேன்.

அங்கேதான் தொப்பிப் பேச்சு திரும்ப வந்தது. ‘ஊர்க் கண்காட்சியில் வைப்போம், நடுவர் சொல்லட்டும்’ என்று கை குலுக்கினோம். கண்காட்சிக் கமிட்டியில் நான் இருப்பதால் புதுப் பிரிவு ஒன்றை நானே முன்மொழிந்து நானே எழுதினேன்: ‘வீட்டில் பொருத்திய கணினி, விளையாட்டுக்கும் அன்றாடப் பயனுக்கும்’. அதற்கென்று விதிமுறை எழுத நேரமில்லாததால் ஜாம், பழக் கேக் பிரிவின் விதிமுறையே இதற்கும் பொருந்தும் என்று கமிட்டி தீர்மானித்தது. செய்தவர் பெயரோ அடையாளமோ வெளியே தெரியக் கூடாது. எண் மட்டுமே ஒட்டப்பட வேண்டும். எண் ஒட்டும் பொறுப்பாளரும் நானே. சந்தேகப்படாதே. நம் ஊரில் பதவிகள் அதிகம், ஆட்கள் குறைவு.

நேர்மை என்றால் என்ன என்று நீ பெர்த்தில் யாருக்காவது விளக்க வேண்டி வந்தால் அன்று காலை நான் செய்ததைச் சொல். நாங்கள் இருவரும் ஒரே கடையின் ஒரே தள்ளுபடியில் ஒரே கறுப்புப் பெட்டிகளை வாங்கியிருந்தோம். உள்ளே இருந்த சொந்தச் சமாசாரங்களை எல்லாம் விதிப்படி அழித்துவிட்டோம், ஜாம் பாட்டிலைக் கழுவுகிற மாதிரி. நான் இரண்டையும் மேஜைமேல் மல்லாக்கப் படுக்கவைத்து, பச்சை, ஆரஞ்சு ஸ்டிக்கர்களை என் கையாலேயே சுரண்டி எடுத்து, பிசுக்குப் போகத் துடைத்தேன். பெற்ற தாய்க்கே வித்தியாசம் தெரியாது. பிறகு எண் ஒட்டினேன். எனக்கு மட்டும் எப்படித் தெரிந்தது என்று கேட்பாய். அக்கா, நான் நாற்பது வருடம் கம்பளி தரம் பிரித்தவன். என் கை பட்டால் எனக்குத் தெரியும். என்னுடையது ஒன்று, மச்சானுடையது இரண்டு.

நடுவராக வரவேண்டியவர் பெண்டிகோ நகரில் கணினி சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர். வழியில் அவர் வண்டிமேல் கங்காரு பாய்ந்துவிட்டது. கங்காரு எழுந்து போய்விட்டது, வண்டி போகவில்லை. ஆகவே பக்கத்துக் கூடத்தில் பழக் கேக்குகளுக்கு மார்க் போட்டு முடித்திருந்த திருமதி கிளெனிஸ் பாஸ்கோவைக் கூப்பிட்டோம். கேக் உலகில் அவர் சொன்னால் மேல்முறையீடு கிடையாது. கைகளை நன்றாகத் துடைத்துக்கொண்டு, இரண்டு பெட்டிகளின் பக்கக் கதவையும் திறக்கச் சொல்லி, உள்ளே வயர்கள் ஒரே சீராகப் பரவியிருக்கின்றனவா என்று பார்த்தார். புறங்கையால் சூடு பார்த்தார். பிறகு குனிந்து காதை வைத்துக் கேட்டார்.

“ரெண்டாம் நம்பர் பாடுது,” என்றார்.

“அது விசிறிச் சத்தம்மா,” என்றார் மச்சான், பாவம், அது தன்னுடையது என்று காட்டிக்கொள்ளாமல் இருக்கப் படாதபாடு பட்டுக்கொண்டே.

“என்ன சத்தமோ, கேக் பாடிச்சுன்னா உள்ள வேகலன்னு அர்த்தம்.”

அடுத்து விளையாட்டுச் சோதனை. மலைப் பந்தயத்தை இரண்டிலும் ஓடவிட்டோம். ஒரு நொடிக்கு இத்தனை படம் என்று மூலையில் ஓர் எண் தெரியும். ஒன்று இருநூற்றுச் சொச்சம் காட்ட, மற்றது அதற்குக் கொஞ்சம் முன்னே பின்னே காட்டியது. ஆனால் திரையாக வைத்திருந்தவை பௌலிங் கிளப்பிலிருந்து கடன் வாங்கிய பழைய டிவிக்கள். நொடிக்கு அறுபது படத்துக்குமேல் அவற்றுக்குக் காட்டத் தெரியாது. “எனக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் தெரியுது,” என்றார் கிளெனிஸ். மச்சான், மீதிப் படங்கள் எங்கே போகின்றன என்று விளக்கத் தொடங்கினார். “கண்ணுக்குத் தெரியாத அலங்காரத்துக்கு நான் மார்க் போடறதில்ல, கிளைவ்.” அன்றாடப் பயன் சோதனைக்கு மாதர் சங்கத்தின் ஸ்கோன் ரொட்டிச் செய்முறைப் பக்கத்தைத் திறந்தோம். நம் ஊர் இணையத்தின் வேகம் உனக்குத் தெரியும். இரண்டு ப்ராசசர்களும் கை கட்டிக்கொண்டு ஒன்றாகக் காத்திருந்தன. கிளெனிஸ் அதற்குள் செய்முறையை மனப்பாடமாகச் சொல்லி முடித்து, சோடா உப்பு அளவு தவறு என்றும் சொன்னார்.

மச்சானுக்குப் பொறுக்கவில்லை. “முழு வேலை குடுத்துப் பாருங்கம்மா! ஒரு பெரிய வீடியோவ மாத்தச் சொல்லுங்க, எது ஆம்பளன்னு தெரியும்.” கொடுத்தோம். இரண்டாம் எண் கொஞ்சம் முன்னால் போனது உண்மை. என் ப்ராசசர் இயல்பாகவே நிதானமானது என்பதால் நான் கவலைப்படவில்லை. அந்த நேரம் பார்த்து மாதர் சங்கத்தார் மதிய டீக்காகப் பாய்லரைப் போட்டார்கள். ‘டொப்’ என்று கூடம் முழுக்க இருட்டு. லாமிங்டன் கேக் தட்டோடு நின்ற ஒருவர்மேல் இன்னொருவர் மோதி, தேங்காய்த் துருவல் பறந்தது.

“யாருடா அது பாய்லர அணைச்சது?” என்று இருட்டிலிருந்து ஒரு குரல் வந்தது. சங்கத் தலைவி பெரிலின் குரல் அது. வேறெதற்கும் அந்தக் குரல் அவ்வளவு உயர்ந்து நான் கேட்டதில்லை.

கிளெனிஸ் பதறவில்லை. ஃப்யூஸைச் சரி செய்யச் சொல்லிவிட்டு, அதே வீடியோ வேலையைக் கொடுத்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். பாய்லரும் ஒன்றாம் எண்ணும்: விளக்கு எரிந்தது, தண்ணீர் கொதித்தது. பாய்லரும் இரண்டாம் எண்ணும்: டொப். அநியாயம் ஆகிவிடக் கூடாது என்று மறுபடியும் ஒருமுறை: டொப். பெரில் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

“நான் கம்ப்யூட்டர் படிச்சதில்ல,” என்றார் கிளெனிஸ், நீல ரிப்பனைக் கையில் எடுத்துக்கொண்டு. “ஆனா ஊர்ல நாலு பேரு டீ குடிக்க இடம் விடாத பொருளுக்கு அன்றாடப் பயன்னு பேரு வைக்க முடியாது.” ரிப்பன் ஒன்றாம் எண்மேல் விழுந்தது. சொல்லக் கூடாது, என் கண் கலங்கிவிட்டது. அப்பா இருந்திருக்க வேண்டும்.

இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை என்பதை மச்சானுக்கு அங்கேயே விளக்கினேன். இருபத்து நான்கு பேர் பங்கு போட்டுச் செய்தால் யாருக்கும் வியர்க்காது. வியர்க்காத இடத்தில் மின்சாரம் எதற்கு? எட்டுப் பேர் ஓடினால் மூச்சு வாங்கும், பாடும், ஃப்யூஸ் போகும். இது பச்சைக் கம்பெனியின் தத்துவம் மட்டுமல்ல, நம் குடும்பத்தின் தத்துவமும்கூட. அவர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, “ரிப்பன வச்சுக்கோ மாப்ளே. என் பொட்டி என்னான்னு எனக்குத் தெரியும்,” என்றார். அன்றிலிருந்து பார்க்கிறவர்களிடமெல்லாம் தன் கணினி முன்பைவிட இருமடங்கு வேகம் என்கிறார். நீ அனுப்பும் பேத்தி வீடியோக்களைப் பாட்டுச் சேர்த்து, டீ ஆறுவதற்குள் முடித்துவிடுகிறாராம். “விளையாட்டுக்குன்னு வாங்கினேன், வேலைக்குப் பிசாசு மாதிரி இருக்கு, கிளெனிஸுக்கு என்ன தெரியும்?” என்று கசாப்புக் கடையில் சொன்னாராம். தோற்றவனுக்கு ஏதாவது ஆறுதல் வேண்டும். நான் மறுத்துப் பேசவில்லை. ஜெயித்தவனுக்குப் பெருந்தன்மை அழகு.

ஆகவே நீ வரும்போது பச்சைத் தொப்பி ஒன்று வாங்கி வா. மச்சானுடைய தலையின் அளவு உனக்குத் தெரியும். இப்போது கொஞ்சம் சிறியதாக வாங்கினாலும் போதும்.

பேத்திக்கு என் முத்தங்கள். மகளுக்கு ஓய்வும், அவள் கணவனுக்குத் தூக்கமும், உனக்குப் பொறுமையும் கிடைக்கட்டும். நம் தொட்டிகள் நிறையட்டும்.

என்றும் உன் அன்புத் தம்பி,
டெஸ்மண்ட்
(முதல் பரிசு)

பி.கு. கடிதத்தை ஒட்டுமுன், ரிப்பனுக்குக் கீழே ப்ராசசரின் முழுப் பெயரையும் எழுதிச் சட்டம் போடலாம் என்று, கண்காட்சிக்குப் பிறகு முதல்முறையாகப் பெட்டியை மின்சாரத்தில் போட்டு, விவரப் பக்கத்தைத் திறந்தேன். எட்டு கோர் என்று இருந்தது. கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தேன். எட்டுதான். கம்பெனி, ஆரஞ்சு.

நான் நாற்காலியில் இருந்தபடியே யோசித்துக்கொண்டிருந்தபோது மச்சான் வந்தார். உட்காரவில்லை.

“மாப்ளே, உன் பொட்டிய ஆன் பண்ணிப் பாத்தியா?”

“இல்ல மச்சான். நீங்க, அந்த விவரப் பக்கம் எதுவும்...”

“சேச்சே. நான் எதுக்குப் பாக்கறேன்?”

அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்: கம்பளி பிரித்த என் கைதான் எண்ணை மாற்றி ஒட்டியிருக்கிறது. ரிப்பன் அவர் பெட்டிக்கு விழுந்தது, ஆகவே நான் தோற்றவன். ஊர் முழுக்க அவர் புகழ்ந்தது என் பெட்டியை, ஆகவே அவர் தோற்றவர். கிளெனிஸிடம் போய்ச் சொல்லும் துணிவு எங்கள் இருவருக்கும் இல்லை.

அக்கா, பச்சை ஒன்று, ஆரஞ்சு ஒன்று, இரண்டு தொப்பியாக வாங்கி வா. ஆரஞ்சு என் அளவில் இருக்கட்டும். போட்டோ எடுக்கும்போது யாரும் காரணம் கேட்க வேண்டாம்.