டயர் பண்டிதர்

வண்டி நிறுத்தும் இடத்தில், தம்முடையது அல்லாத ஒரு மோட்டார் சைக்கிளுக்குப் பின்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, தலையைச் சாய்த்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு சக்கரத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டிருக்கும் மனிதரைப் பார்த்திருக்கிறீர்களா? பார்த்திருப்பீர்கள். திருடன் என்று நினைத்துக் குரல் கொடுத்துவிடாதீர்கள். பாவம், அவர் ஒரு திருகாணியைக்கூட எடுக்கமாட்டார். அவர் டயர் பண்டிதர். அடுத்தவர் டயரில் என்ன பொறித்திருக்கிறது என்று படிக்கிறார், அவ்வளவுதான். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் பேப்பரை நாம் எட்டிப் படிப்பதில்லையா?

இந்த இனத்தை அடையாளம் கண்டுபிடிப்பது சுலபம். பேன்ட்டில் வலது முழங்கால் மட்டும் அழுக்காக இருக்கும். கண்ட ரப்பரையெல்லாம் அழுத்திப் பார்த்துக் கட்டைவிரல் நகம் தேய்ந்திருக்கும். புது வண்டி வாங்கியவனிடம் நீங்களும் நானும் "என்ன விலை?" என்போம், "மைலேஜ் எவ்வளவு தருது?" என்போம். பண்டிதர் வண்டியை நிமிர்ந்தே பார்க்கமாட்டார். "கம்பெனி டயரையா இன்னும் வச்சிருக்கீங்க?" என்பார், துக்கம் விசாரிக்கும் குரலில். அதற்கப்புறம் வாங்கியவனுக்கு வீடு போய்ச் சேரும்வரை வண்டி ஆடிக்கொண்டே இருக்கும்.

நம்முடைய பண்டிதருக்கு வேலை ஒரு மூக்குக் கண்ணாடிக் கடையில். கண் சோதனை செய்பவர். வருகிறவர் மூக்கின்மேல் இரும்புச் சட்டத்தை மாட்டி, வில்லைகளை மாற்றி மாற்றிப் போட்டு, "இது தெளிவா இருக்கா, இதுவா?" என்று கேட்பார். பத்து நிமிஷத்தில் ஒரு மனிதனின் பார்வையை முடிவுசெய்து சீட்டு எழுதிக் கொடுத்துவிடுவார். யாராவது "ரெண்டும் ஒண்ணு மாதிரிதான் இருக்கு" என்று இழுத்தால் அவருக்குச் சுருக்கென்று கோபம் வரும். "ஏதாவது ஒண்ணைச் சொல்லுங்க சார், வெளியில ஆறு பேர் உக்காந்திருக்காங்க!"

இந்த மனிதர்தான் தம் வண்டிக்கு எந்த டயர் போடுவது என்று மூன்று வருஷமாக யோசித்துக்கொண்டிருந்தார்.

வண்டிக்கு வயது இருபத்திரண்டு. ஸ்போர்ட் டூரிங் ரகம். அதாவது, பந்தய வண்டி மாதிரிப் பறக்கவும் வேண்டும், மனைவியையும் மூட்டை முடிச்சையும் ஏற்றிக்கொண்டு முதுகு வலிக்காமல் ஐந்நூறு கிலோமீட்டர் போகவும் வேண்டும் என்று பேராசைப்பட்டவர்களுக்காகச் செய்த வண்டி. முன்னால் காற்றைத் தடுக்க ஒரு கண்ணாடி, பின்னால் இரண்டு பக்கமும் பெட்டிகள், நிறுத்தி நிமிர்த்துவதற்குள் இடுப்பு கழன்றுவிடும் கனம். இதற்கு முன் இரண்டு பேர் ஓட்டித் தள்ளியது. நேர் ரோட்டில் ராஜா. வளைவு வந்தால்தான் வம்பு. சாய் என்றால் சாயாது. தோளைக் கொடுத்து முக்க வேண்டும். முக்கினால் பொத்தென்று ஒரேயடியாகச் சாயும். ரோடு கொஞ்சம் ஈரமாக இருந்துவிட்டால் பின்சக்கரம் தனக்கு இஷ்டமான திசையில் கிளம்பும்.

பழைய வண்டி, அப்படித்தான் இருக்கும் என்று நாமெல்லாம் விட்டுவிடுவோம். அவர் விடவில்லை. வாங்கிய அன்றே சொல்லிவிட்டார்: "வண்டி மேல ஒரு தப்பும் இல்ல. எல்லாம் டயர் பண்ற வேலை." இதில் வேடிக்கை என்ன தெரியுமா? அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. நேர் ரோட்டிலேயே ஓடி ஓடி அந்தப் பின் டயரின் நடுப்பகுதி தட்டையாகிப் போயிருந்தது. உருண்டையாக இருக்க வேண்டியது பலகையாகிவிட்டால், வண்டி விளிம்பைத் தாண்டித்தானே சாய வேண்டும்?

வியாதி தெரிந்துவிட்டது. மருந்தும் தெரிந்துவிட்டது. பிறகென்ன, போய் இரண்டு டயர் வாங்கி மாட்டிவிடலாமே என்கிறீர்களா? நீங்கள் ரொம்ப அவசரக்காரர்.

ஒரு நீள நோட்டு வாங்கினார். சந்தையிலுள்ள முப்பத்தெட்டு டயர்களை அதில் ஏற்றி, ஈரத்தில் பிடிப்பு, வெயிலில் பிடிப்பு, உழைப்பு, பின்னால் ஆள் உட்கார்ந்தால் நடத்தை என்று கட்டம் போட்டு, உலகத்தின் மூலைமுடுக்கிலுள்ள பண்டிதர்கள் இன்டர்நெட்டில் போட்டுக்கொண்ட சண்டைகளையெல்லாம் படித்து, வடிகட்டி, ஒன்றரை வருஷத்தில் மூன்றுக்குக் கொண்டுவந்தார். அந்த மூன்றுக்கும் செல்லப் பெயர் வேறு. சீக்கிரம் தேயாத கடின ரப்பர், உழைப்பாளி. வளைவில் பசைபோட்ட மாதிரி நிற்கும் ஆனால் சீக்கிரம் கரைந்துவிடும் மென் ரப்பர், ஒட்டுண்ணி. நடுவில் கடினமும் ஓரத்தில் மென்மையுமாக இரண்டு ரப்பரில் செய்தது, சமத்து. சமத்தையே வாங்கியிருக்கலாம். ஆனால் அந்த வாரம் பார்த்து யாரோ ஒரு புண்ணியவான், சமத்து பாதித் தேய்மானத்துக்குப் பிறகு முரண்டு பிடிக்கிறது என்று எழுதிவிட்டான். நோட்டு மறுபடி முதல் பக்கத்திலிருந்து ஆரம்பமானது.

இதற்கிடையில் ஊருக்கு உபதேசம் மட்டும் குறையவில்லை. மைத்துனன் தன் பழைய வண்டிக்குப் பின்னால் ஒரு அகல டயரை மாட்டிக்கொண்டு வந்து நின்றான்.

"பின்னாலிருந்து பாருங்க மாமா, எப்படி இருக்கு?"

"பார்க்க நல்லாத்தான் இருக்கு. திரும்புதா?"

"கொஞ்சம் அழுத்தணும். பழகிடும்."

"பழகாதுடா. உன் ரிம் குறுகல். அகல டயரை அதுல திணிச்சா ரெண்டு ஓரமும் நெருங்கி, டயரோட வடிவமே மாறிடும். கம்பெனிக்காரன் என்ன அளவு எழுதியிருக்கானோ அதைப் போடு. அவன் என்ன முட்டாளா?"

இதுவும் சரி. மைத்துனன் பழைய அளவுக்கே மாற்றினான். வண்டி சொன்னபடி கேட்டது. நம்மவரின் புகழ் பரவியது. கடைக்கு வருபவர்கள் கண்ணைக் காட்டியபின் வெளியே கூட்டிப்போய் டயரையும் காட்ட ஆரம்பித்தார்கள்.

மனைவிக்கும் பாடம் நடந்தது. எந்த விசேஷத்துக்குப் போனாலும் வாசலில் அந்த அம்மாளைக் குனிய வைப்பார். "ஓரத்துல ஒரு சின்ன வட்டம் மாதிரி இருக்கு பார், அதுல நாலு எண். முதல் ரெண்டும் எத்தனாவது வாரம், அடுத்த ரெண்டும் எந்த வருஷம். ரப்பருக்கும் வயசு உண்டு. மேல வரிவரியா பள்ளம் இருக்குன்னு நம்பக்கூடாது, உள்ள செத்திருக்கும்." அந்த அம்மாள் பட்டுப் புடவையைப் பிடித்துக்கொண்டு பொறுமையாகப் பார்ப்பார். அவருக்கு வேலை ஆஸ்பத்திரி மருந்தகத்தில். நாளெல்லாம் அட்டைப்பெட்டிகளில் தேதி பார்ப்பவர்தான். இங்கேயும் அதேதான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வார்.

அவருக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. மலைமேல் ஒரு ஏரி இருக்கிறது. கல்யாணமான புதிதில் வேறொரு வண்டியில் இருவரும் அங்கே போயிருக்கிறார்கள். கணவர் தோளைப் பிடித்துக்கொண்டு, வளைவுக்கு வளைவு கூடவே சாய்ந்து, குளிரில் பல் கிட்டிக்க. குழந்தை பிறந்தபின் அது நின்றுபோயிற்று. இந்த வண்டியை வாங்கியபோது அவரைவிட அந்த அம்மாளுக்குத்தான் சந்தோஷம்.

"என்னங்க, ஏரிக்கு எப்போ?"

"டயர் மாத்தினதும்."

மூன்று வருஷமாக இதே கேள்வி, இதே பதில். ஒரு திங்கட்கிழமை ராத்திரிச் சாப்பாட்டின்போது அம்மாள் கேள்வியை மாற்றிவிட்டார்.

"வெள்ளிக்கிழமையிலேருந்து மூணு நாள் லீவு எழுதிக் குடுத்துட்டேன். பாப்பாவை எங்க அக்கா பார்த்துக்குவா. வெள்ளிக்கிழமை காலையில நீங்க வண்டியை எடுக்கலைன்னா நான் பஸ்ல போயிட்டு வந்துடுவேன். தனியா. அதுக்கப்புறம் உங்க பின்னாடி உக்காந்து எங்கயும் போகணும்னு இந்த ஜென்மத்துல கேக்க மாட்டேன்."

கோபமாகச் சொல்லியிருந்தாலாவது நம்மவர் சமாளித்திருப்பார். அம்மாள் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார். நம்மவருக்கும் போக ஆசைதான், சத்தியமாக ஆசைதான். மூன்று நாளில் முடிவெடுத்தாக வேண்டும்.

டயர்க் கடைக்காரர் அவரைத் தெருமுனையில் பார்த்ததுமே போனைக் காதில் வைத்துக்கொள்வது வழக்கம். வியாழக்கிழமை சாயங்காலம் போனில் சார்ஜ் இல்லை, மாட்டிக்கொண்டார்.

"சொல்லுங்க சார், இன்னைக்காவது மாட்டிடலாமா?"

"நாளைக்கு மலையில மழை வருமா?"

"எனக்கு எப்படி சார் தெரியும்?"

"வந்தா ஒரு டயர், வராட்டி வேற டயர். அதான் கேக்கறேன்."

"சார், வண்டியில இப்போ இருக்கிறதைவிட இங்க இருக்கிற எதுவுமே நல்ல டயர்தான் சார்."

"அப்படிப் பொத்தாம்பொதுவா சொல்லக்கூடாது" என்று நம்மவர் நோட்டை விரித்தார். நோட்டின் பதினேழாம் பக்கம் வரும்போது கடைக்காரர் ஷட்டரைப் பாதி இறக்கியிருந்தார்.

வீட்டுக்குத் திரும்பும்போது ஒரு யோசனை வந்தது. இந்த ஒரு தடவை இருக்கிற டயரிலேயே மெதுவாகப் போய்விட்டு வந்தால் என்ன? நடுவில் தட்டையானாலும் பள்ளம் இன்னும் இருக்கத்தானே செய்கிறது? ஊருக்கெல்லாம் நம்பாதே என்று சொன்ன அதே பள்ளம்தான். தமக்கென்று வந்ததும் நம்பிவிட்டார்.

வெள்ளிக்கிழமை காலை ஆறு மணி. பெட்டிகளில் துணி அடைத்தாயிற்று. அம்மாள் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, புதுப்பெண் மாதிரிச் சிரித்துக்கொண்டு வந்தார். ஏறுவதற்கு முன், பழக்க தோஷம், குனிந்தார்.

குனிந்தவர் நிமிரவில்லை. முன்சக்கரத்துக்குப் போய் அங்கேயும் குனிந்தார். பிறகு ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டார். மருந்தகத்தில் காலாவதியான பெட்டி அலமாரியில் அகப்பட்டால் வருகிற முகம் வந்தது.

"என்னங்க, இந்த டயர் பாப்பாவுக்கு ரெண்டு வயசு மூத்தது."

நம்மவர் வண்டியின் முன்கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார்.

"அக்கான்னு கூப்பிடச் சொல்லட்டுமா?"

"வாங்கும்போதே அப்படித்தான் இருந்துது. எப்படியும் மாத்தத்தானே போறோம்னு..."

"மூணு வருஷமாவா?"

"போடறதுதான் போடறோம், நல்ல டயரா போடலாம்னு..."

"நல்ல டயர் கிடைக்கிற வரைக்கும் செத்த டயர்ல ஓட்டிட்டு இருந்தீங்களா? தினமும் பாப்பாவை ஸ்கூல்ல விட்டீங்களே, இதுலயா?"

முப்பத்தெட்டு டயருக்கும் கட்டம் போட்ட நோட்டில், தம் வண்டியில் ஓடிக்கொண்டிருந்த முப்பத்தொன்பதாவது டயருக்கு ஒரு வரிகூட இல்லை என்பது அப்போதுதான் நம்மவருக்கு உறைத்தது. ஈர ரோடுகளும், பள்ளிக்கூட வாசலும், பின்னாலிருந்து இடுப்பைக் கட்டிக்கொள்ளும் சின்னக் கைகளும் வரிசையாக ஞாபகம் வந்தன.

"தப்புதான்" என்றார். கல்யாணமாகி அந்த அம்மாள் இந்தச் சொல்லைக் கேட்பது இரண்டாவது தடவை.

"பஸ் ஏழரைக்கு" என்றார் அம்மாள். பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். இரண்டடி வைத்தார். திரும்பினார். "டயர்க் கடை எத்தனை மணிக்குத் திறப்பாங்க?"

"ஒம்பது."

"நோட்டு வீட்லயே இருக்கட்டும்."

ஒன்பது மணிக்குக் கடைக்காரர் நம்மவரைப் பார்த்ததும் போனை எடுத்தார். பின்னால் அம்மாளைப் பார்த்ததும் கீழே வைத்தார்.

"அண்ணே, இந்த வண்டிக்குக் கம்பெனிக்காரன் எழுதின அளவு எது?" என்று கேட்டார் அம்மாள்.

கடைக்காரர் மூன்று ஜோடியைக் காட்டினார்: நோட்டில் வடிகட்டிய அதே உழைப்பாளி, ஒட்டுண்ணி, சமத்து.

"ரெண்டு பேர், ரெண்டு பெட்டி, மலை ரோடு, மழை வந்தாலும் வரும். முன்னுக்கும் பின்னுக்கும் ஜோடியாத்தானே வரும்?" என்று கேட்டுக்கொண்டே ஒவ்வொன்றிலும் குனிந்து நாலு எண்ணைப் படித்தார். "இந்த வருஷத்துது. இதை மாட்டுங்க. காத்து ரெண்டு பேருக்கு உண்டான அளவு வைங்க."

மொத்தம் நாலு நிமிஷம். நம்மவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். "வெளியில ஆறு பேர் உக்காந்திருக்காங்க" என்றார் அம்மாள்.

பதினோரு மணிக்குக் கிளம்பினார்கள். புது டயர் முதலில் வழுக்கும், கொஞ்ச தூரம் பதமாகத்தான் போக வேண்டும் என்றார் நம்மவர். அது நியாயமாக இருந்ததால் அம்மாள் ஒத்துக்கொண்டார். மதியம் வண்டி மலை ஏற ஆரம்பித்தது. முதல் வளைவில் நம்மவர் வழக்கம்போலத் தோளைக் கொடுத்து முக்கத் தயாரானார். முக்குவதற்குள் வண்டி சாய்ந்துவிட்டது. பார்த்த இடத்துக்குப் போயிற்று. அடுத்த வளைவிலும் அப்படியே. இருபத்திரண்டு வயதுக் கிழம், சின்னப் பிள்ளை மாதிரி விளையாடிக்கொண்டு மேலே ஏறியது. எட்டாவது வளைவில் சாரல் அடித்தது. பின்சக்கரம் அசையவில்லை. நம்மவர் ஹெல்மெட்டுக்குள் "ஆஹா!" என்று கத்தினார். பின்னாலிருந்து தோளில் ஒரு தட்டு விழுந்தது. பிறகு இரண்டு கைகளும் தோளைப் பிடித்துக்கொண்டன. அந்த நிமிஷம் உலகத்தில் அவரைவிடச் சந்தோஷமான மனிதர் யாரும் இருந்திருக்க முடியாது.

ஏரிக்கரையில் அம்மாள் செருப்பைக் கழற்றித் தண்ணீரில் கால் நனைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் நம்மவரும் உட்கார்ந்திருந்தார். பத்து நிமிஷம் பொறுத்தார்.

"செயினுக்குப் போடறோமே எண்ணெய்," என்று ஆரம்பித்தார், "அதுல பதினாலு வகை இருக்கு, தெரியுமா?"

அம்மாள் அவரைத் தண்ணீரில் தள்ளினாரா என்று கேட்காதீர்கள். ஆழம் முழங்கால்வரைதான்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். நான் இப்படியெல்லாம் இல்லையப்பா, எனக்கு வண்டியே கிடையாது என்கிறீர்கள். சரி, ஒன்றே ஒன்று கேட்கிறேன். அந்த அம்மாள் நாலு நிமிஷத்தில் கைகாட்டிய டயர் மூன்றில் எது என்று நான் சொல்லவே இல்லை. சொல்லப்போவதும் இல்லை. அது தெரியாமல் உங்களுக்கு அரிக்கிறதா? விட்டுப்போயிற்றோ என்று மேலே போய் ஒருமுறை தேடிப் பார்த்தீர்களா? அப்படியானால் புத்தகத்தை மூடிவிட்டு உள்ளே போய்ப் பாருங்கள். உங்கள் வீட்டிலும் யாரோ ஒருவர் எங்கேயோ போவதற்காக ரொம்ப நாளாகக் காத்துக்கொண்டிருக்கிறார்.