திண்டிவனத்துக்குத் தானாக ஓடிவந்த பஸ்

பழைய நகையைப் பாதுகாக்க பீரோவும் ஒரு சாவியும் போதும். பழைய பஸ்ஸைப் பாதுகாப்பது அப்படியில்லை. எங்கே நிறுத்தினாலும் யாராவது வந்து ஏறி உட்கார்ந்துகொள்வார்கள். இதைத் தெரிந்துகொள்ள எனக்கு ஒரு பட்டுப்புடவை செலவானது.

தாத்தா தொடங்கி, பெரியப்பா நடத்திய பஸ் கம்பெனி எங்களுடையது. ரூட்டெல்லாம் கைமாறிப் போனபின் விழுப்புரம் ஷெட்டில் மிஞ்சியது, மூக்கு நீண்ட ஒரே ஒரு பஸ். ஷெட்டை விற்றபோது, திண்டிவனத்தில் இருந்த பெரியப்பா அதையும் காயலான் கடைக்குப் போடச் சொல்லிவிட்டார். போனிலேயே அழுதேன், சண்டை போட்டேன். கடைசியில் அவரே இறங்கி வந்தார்.

"சரிம்மா. வர்ற அமாவாச நல்ல நாளு. அன்னிக்கு அது தானா ஓடியாந்து நம்ம வீட்டு வாசல்ல நிக்கட்டும், வச்சிக்கலாம். இல்லன்னா காயலாங்கடக்காரரு இங்கியே இருப்பாரு, ஏத்திக்கினு போயிடுவாரு."

அவ்வளவுதான், எனக்குத் தூக்கம் போயிற்று. அந்த பஸ்ஸின் முதல் நிறம் எது என்று நகத்தால் சுரண்டி ஆராய்ச்சி செய்தேன். ரோஸ்! முன்னும் பின்னும் பளீரென்று ரோஸ் அடிக்கச் சொன்னேன். (அது வெயிலில் வெளுத்த சிவப்பு என்று பிறகு தெரிந்தது. அப்போது யார் சொல்லியிருந்தாலும் கேட்டிருக்க மாட்டேன்.) பெண்களுக்கு இலவசமாக ஓடும் டவுன் பஸ்களும் ரோஸ் நிறம்தான் என்பது என் மண்டையில் உறைக்கவே இல்லை.

அமாவாசைக் காலை. என் கணவர் சேகர் சொந்தமாக லாரி ஓட்டுகிறவர். அவர் தலையைச் சொறிந்தார்.

"செல்வி, செல்ஃப் மோட்டார் சுத்தல. இன்ஜின் நின்னா தள்ளித்தான் எடுக்கணும். புதுசு நாளிக்கு வந்துடும். ஒரு நாள் பொறேன்."

"நாளைக்குள்ள பஸ்ஸே இருக்காது. எடுங்க!"

பட்டுப்புடவை கட்டிக்கொண்டு ஏறினேன். வழி முழுக்க நான் உட்காரவே இல்லை. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை "இன்னும் எவ்வளவு தூரம்?" என்று கேட்டு அவரைப் பிடுங்கி எடுத்தேன். கூட்டேரிப்பட்டில் ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்ற, இன்ஜினை ஓடவிட்டபடியே நிறுத்தினார். நான் குடத்தோடு இறங்கித் திரும்புவதற்குள் பஸ் நிறையப் பெண்கள். பொங்கல் பானை, வேப்பிலை, எலுமிச்சை மாலை. எல்லோரும் மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலுக்கு.

"அம்மா, இறங்குங்க. இது சர்வீஸ் பஸ் இல்ல. வின்டேஜ் பஸ்."

முன்சீட்டில் பானையோடு இருந்த அஞ்சலை என்ற அம்மாள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "வின்டேஜோ இன்னாவோ, எந்த ஊருக்குப் போனா இன்னா? திண்டிவனம் வழியாத்தான போவுது?"

"இது ப்ரீ பஸ் இல்லம்மா!"

"ரோசு கலரு அடிச்சிக்கினு, ப்ரீ இல்லன்றா பாரு!" பஸ்ஸே கொந்தளித்தது. பேசி நேரம் போவதைவிட ஓட்டிக்கொண்டு போவதே மேல் என்று நான்தான் கத்தினேன். "எடுங்க, எடுங்க!"

ஆச்சரியம், நன்றாகவே ஓடியது. திண்டிவனத்தில், பெரியப்பா வீட்டுத் தெருமுனை வரை. அங்கே குறுக்கே ஓர் ஆட்டோ வர, சேகர் பிரேக் போட, இன்ஜின் ஒரு விக்கல் விக்கி அடங்கியது.

நான் தலையில் கைவைத்து உட்காரப் போனேன். அஞ்சலை விடவில்லை. "இன்னாத்துக்கு ஒக்கார்ற? எறங்கித் தள்ளு!" முப்பது பெண்களும் இறங்கித் தள்ளினார்கள். நானும் தள்ளினேன். பம்பரில் மாட்டிய முந்தானை டர்ரென்று கிழிந்தது. தள்ளின தள்ளில் இன்ஜின் உயிர்பெறவில்லை. பஸ் மட்டும் உருண்டு, சத்தமே இல்லாமல், பெரியப்பா வாசலில் போய் நின்றது.

நாற்காலியில் பெரியப்பா. பக்கத்தில் வெள்ளைச் சட்டையில் காயலான் கடைக்காரர்.

"இன்னாம்மா இது? தானா ஓடியாரணும்னுதான சொன்னேன்?"

கிழிந்த முந்தானையால் நெற்றி வியர்வையைத் துடைத்தேன். காயலான் கடைக்காரர் எழுந்துபோய் மட்கார்டைத் தட்டிப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். டங், டங்.

அஞ்சலைக்கு இதொன்றும் தெரியாது. "பெரியவரே, இது மலையனூர் போவுமா, போவாதா? ஜல்தியா சொல்லுங்க. வெயிலு ஏறுது."

பெரியப்பா அவளைப் பார்த்தார். பின்னால் நின்ற கூட்டத்தைப் பார்த்தார். எழுந்து வேட்டியை மடித்துக் கட்டினார். விரட்டப் போகிறார் என்றுதான் நினைத்தேன். பஸ்ஸின் பக்கவாட்டில் உள்ளங்கையால் இரண்டு தட்டு.

"போவும், போவும்! ஏறுங்க! உள்ள போங்கம்மா, படியில நிக்காதீங்க!"

ரூட் ஓடிய காலத்து அந்தக் குரலைக் கேட்டுப் பல வருடங்கள் ஆகியிருந்தன. அதே வேகத்தில் காயலான் கடைக்காரர் பக்கம் திரும்பினார். "சும்மா பாத்துக்கினு நிக்கிறீங்களே. வந்து ஒரு கை குடுங்க!"

பஸ்ஸை உடைக்க வந்தவர் அதைத் தள்ளிக்கொண்டே தெருக்கோடி வரை ஓடினார். இன்ஜின் பிடித்துக்கொண்டது. பெரியப்பா ஓடும் வண்டியில் தொற்றி ஏறினார். (அவருக்கு அப்போது எழுபது தாண்டிவிட்டது. பெரியம்மா இன்றுவரை என்னை மன்னிக்கவில்லை.)

மலையனூர் போய்ச் சேரவில்லை. செஞ்சிக்கு முன்னாலேயே ரேடியேட்டர் கொதித்துப் புகைந்துவிட்டது. வேறு பஸ்ஸை மறித்து ஏற்றிவிடும்போது, பெரியப்பா ஒவ்வொரு பெண்ணிடமும் தனித்தனியாக வருத்தம் தெரிவித்தார். எப்படியும் பஸ் தனக்கே வரும் என்ற நம்பிக்கையோடு தன் லாரியில் பின்னாலேயே வந்த காயலான் கடைக்காரர்தான் எங்களைக் கயிறு கட்டித் திண்டிவனத்துக்கு இழுத்துவந்தார். அன்றிலிருந்து பஸ் பெரியப்பா வீட்டுத் தோட்டத்தில் நிற்கிறது. அதை விற்பதைப் பற்றி அவர் பேசுவதே இல்லை.

அவசரத்தில் என் நம்பரை அஞ்சலையிடம் கொடுத்துத் தொலைத்திருந்தேன். அமாவாசைதோறும் காலையில் தவறாமல் போன் வருகிறது: "வண்டி கெளம்பிடுச்சா?" அதற்காகவே முந்தின நாளே பெரியப்பா வீட்டுக்குப் போய்விடுகிறோம்; இப்போது அந்த அழைப்பை எடுப்பவர் அவர்தான். குடும்பமே வேலையை விட்டுவிட்டுக் காது கொடுக்கும்.

"இன்னிக்கு வண்டி ஒர்க்‌ஷாப்புல இருக்கும்மா. வேற பஸ்சுல போய்ட்டு வாங்க," என்பார். பிறகு குரலைத் தாழ்த்தி, ஒவ்வொரு முறையும் ஒரே கண்டிப்போடு: "ஆனா அதுலியே பழகிடாதீங்க."