அட்மிரல் கயாக் எடுத்த கதை

லண்டன் டூட்டிங்கில் மட்டுமில்லை, தேம்ஸ் நதியின் இரண்டு கரையிலும் வலைபோட்டுத் தேடினாலும் அட்மிரலைப் போல ஒரு சாமானைத் தேர்ந்தெடுக்கத் தெரிந்த தமிழன் கிடைக்கமாட்டான். அவர் கத்தரிக்காய் வாங்க வருவதைக் கண்டால் கடைக்காரருக்கு ஷட்டரை இறக்கிவிட்டுச் சாப்பிடப் போகலாமோ என்று தோன்றும்.

அட்மிரல் என்றதும் கடற்படை என்று நினைக்கவேண்டாம். நானும் அவரும் ஒரே பெற்றோல் ஸ்டேஷனில் வேலை. கார் கழுவுகிற இடத்தில் நுரைக்கு நடுவில் நின்று தும்புத்தடியை நீட்டி அவர் கட்டளை போடுகிற அழகைப் பார்த்து நான் வைத்த பெயர். ஊர்ப்பெயர் எனக்கே மறந்துபோய்விட்டது.

இரண்டாயிரத்து ஐந்து, ஆறு வாக்கில் ஒருநாள், தான் கயாக் வாங்கப்போவதாக அறிவித்தார். ஒரு ஆள் இருந்து துடுப்புப் போடுகிற சின்னத் தோணி. அதிலே போய் மீன் பிடிக்கவேண்டும், காட்டுத்தாராவும், அதுதான் காட்டுவாத்து, சுடவேண்டும். இரண்டுக்கும் ஒரே கயாக். நான் ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு நிம்மதி கொடுத்தவன். ஆனாலும் அட்மிரலுக்கு நீந்தத் தெரியாது என்பதை அந்தப் படிப்பே எனக்குச் சொல்லித்தந்தது.

அவருடைய மனைவி சறோ அக்கா வேண்டாம் என்று சொல்லவில்லை. ஹோலில் ஏற்கெனவே அவர் இப்படி ஆசைப்பட்டு வாங்கிய ஒரு ஓடுகிற மெஷின் நின்றது. அதில் அக்காவின் சேலைகள்தான் காய்ந்தன. அதனால் ஒரேயொரு நிபந்தனை வைத்தார்.

"வடிவாப் பாத்து எடுங்கோ. ஆனா தண்ணியிலை விட்டுப் பாக்கிற அண்டைக்கு ஒருக்காக் கவிண்டாலும், பிறகு இந்த வீட்டிலை கயாக் எண்ட கதையே இருக்கக்குடாது."

அட்மிரல் சாமிப்படத்துக்கு முன்னால் சத்தியம் பண்ணினார்.

அதற்குப் பிறகு சனிக்கிழமைகளில் எனக்கு விடுதலை இல்லை. கயாக் விற்கிற கடையில் ஒரு வெள்ளைக்காரப் பெடியன், பொறுமைசாலி. ஒடுக்கமான கயாக் பறக்கும், ஆனால் ஆடும், அகலமானது ஆமைபோலப் போகும், ஆனால் ஆடாது என்று விளக்கினான். அட்மிரல் அதைக் காதிலே விழுத்தாமல் ஒவ்வொன்றிலும் ஏறிச் சம்மணம் கட்டிப் பார்த்தார். கட்ட முடியாததெல்லாம் தள்ளுபடி.

"காலை மடக்கிக்கொண்டு இருந்து சோறு தின்ன ஏலுமோ? கேள் அவனை," என்றார்.

என் இங்கிலீசு பெற்றோல் பம்ப் நம்பரோடு முடிந்துவிடும். "லெக் நோ, ரைஸ் யெஸ்," என்றேன். பெடியன் கயாக்குக்குள் எட்டிப் பார்த்தான். சோற்றைத் தேடியிருக்கவேண்டும்.

அடுத்தது வேட்டைச் சோதனை. துவக்குச் சுட்டால் தோளில் உதைக்கும், அந்த உதைக்குக் கயாக் ஆடக்கூடாது. அட்மிரல் கார்ப்பெட்டில் கிடந்த கயாக்கில் இருந்தபடி குடையை நீட்டிக் குறிபார்ப்பார். நான் வாயால் வெடிச்சத்தம் போட்டுவிட்டு அவர் தோளில் இடிக்கவேண்டும். துவக்குக்கு லைசென்ஸ் இருக்கிறதா என்று பெடியன் பயந்து பயந்து கேட்டான். துவக்குப் பிறகு, முதலில் தோணி என்று பதில் போனது.

கடைசிச் சிக்கல் நிறம். கடலில் மீன் பிடிக்கப் போனால் கப்பல்காரன் கண்ணில் படவேண்டும். தாராவின் கண்ணில் படவே கூடாது. பல சனிக்கிழமை யோசித்து, சேற்றுப்பச்சையில் அகலமான கயாக்கும் செம்மஞ்சள் மிதவைச் சட்டையும் என்று முடிவானது. தாரா வந்தால் சட்டையை இடுப்பில் உடுத்திருக்கிற சாரத்தால் மூடுவாராம்.

சோதனை நாள் வந்தது. நகரத்துக்கு வெளியே ஒரு ஏரி. வாங்கமுன் விட்டுப் பார்க்கவென்று கடைப் பெடியன் இரண்டு மூன்று கயாக்கை வானில் ஏற்றிக்கொண்டு வந்திருந்தான். சறோ அக்கா மடக்குக் கதிரையைக் கரையில் போட்டு, பிளாஸ்கோடு நீதிபதி மாதிரி இருந்தார். புது வாகனம் என்றால் சில்லுக்குக் கீழே தேசிக்காய் வைக்கவேண்டும். இதற்குச் சில்லு இல்லை. முன்மூக்குக்குக் கீழே வைத்து நசித்துத் தள்ளினோம்.

அட்மிரல் போனார். சம்மணம் கட்டினார். தூண்டில் வீசினார். குடையால் தாரா சுட்டார். எழும்பியும் நின்றார். கயாக் அசையவில்லை. எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது, ஏதோ அதைச் செய்தவனே நான் என்கிற மாதிரி.

அந்தப் பெருமையில் நான் பெடியனிடம் கேட்டு, ஒரு ஒடுக்கமான கயாக்கில் ஏறிவிட்டேன். உண்மையாகவே பறந்தது. அட்மிரலைத் தாண்டிப்போய், திரும்பி அக்காவுக்குக் கை காட்டினேன். அவ்வளவுதான். வானம் கீழே போனது, தண்ணீர் மேலே வந்தது. கால் இரண்டும் உள்ளே இறுகிவிட்டன.

கிட்ட இருந்தவர் அட்மிரல் மட்டும். சாய்ந்து எட்டிப் பார்த்தார், கை எட்டவில்லை. உடனே தண்ணீருக்குள் குதித்தார். அவர் உதைத்துக் குதித்த வேகத்தில் பச்சைக் கயாக் தலைகீழாகப் புரண்டது. நல்லகாலம், தண்ணீர் அவர் நெஞ்சளவுதான். பூனைக்குட்டியைத் தூக்குகிற மாதிரி என்னைச் சட்டைக் கொலரில் தூக்கிக்கொண்டு கரைக்கு வந்தார்.

அட்மிரல் கவிழ்ந்து கிடந்த கயாக்கைப் பார்த்தார். பிறகு தலையைக் குனிந்து, "சரி சறோ, சத்தியம் சத்தியம்தான்," என்றார்.

சறோ அக்கா துவாயை எடுத்து அவர் தலையைத் துவட்டினார்.

"ஆர் கவிண்டது? நீங்கள் இறங்கினனீங்கள். கவிழுறது வேறை, இறங்குறது வேறை."

பிறகு பெடியனைப் பார்த்து, அவர் பேசி நான் கேட்ட ஒரே இங்கிலீசைப் பேசினார். "வீ டேக்."

அதற்குப் பிறகு அட்மிரலுக்கு மீன்கள் பட்டன. துவக்கு வரவேயில்லை. தாராக்கள் பிள்ளைகுட்டியோடு சுகமாக இருக்கின்றன.

ஒருநாள் கேட்டேன், "அண்ணை, எவ்வளவு ஆழமெண்டு பாத்தோ இறங்கினனீங்கள்?"

"பாத்துக்கொண்டு நிண்டால் நீ எங்கை?" என்றார்.

அந்த மனுசன் தன் வாழ்நாளில் பார்க்காமல் எடுத்த ஒரே சாமான் நான்தான்.