இரட்டைக் கையும் ஒற்றை அச்சும்

வெள்ளிக்கிழமை காலை ரொட்டிக்கு வெண்ணெய் தடவும்போதே முடிவு செய்துவிட்டேன். இன்று மாலைக்குள் எங்கள் பழைய காரின் கதையை முடித்துவிட வேண்டும். பக்கத்து வீட்டு ஹெரிபெர்ட் முதுகுவலி தாங்காமல் தன் சிவப்புக் காரை விற்கிறான். இரண்டே சீட்டு. அது எனக்கு வேண்டும். குறுக்கே நிற்பவள் ஒருத்திதான். என் மனைவி ரோஸ்வீத்தா.

இரண்டு முள்கரண்டிகளைக் கையில் எடுத்துக்கொண்டு ஆரம்பித்தேன்.

"இதோ பாரு. ஹெரிபெர்ட் கார்ல ஒவ்வொரு சக்கரத்தையும் மேல ஒரு கை, கீழ ஒரு கைன்னு தனித்தனியா பிடிச்சிருக்கு. வளைவுல வண்டி சாஞ்சாலும் டயர் தரையை விடாது. நம்ம கார்ல பின்சக்கரம் ரெண்டுக்கும் சேர்த்து ஒரே அச்சு. ஒண்ணு குழியில விழுந்தா இன்னொண்ணும் சேர்ந்து ஆடும்."

"கல்யாணம் மாதிரின்னு சொல்லு."

"நான் சஸ்பென்ஷன் பத்திப் பேசறேன்!"

"மூணு மாசமா அதையேதான் பேசறே வின்ஃப்ரீட். ஆபீஸ்ல உன்னைத்தான் சஸ்பெண்ட் பண்ணிட்டாங்களோன்னு பயந்துட்டேன்."

என் திட்டம் எளிமையானது. எங்கள் ஐஃபல் மலையின் கார்ப் பந்தயச் சுற்றுப்பாதையை மாலையில் பொதுமக்களுக்குத் திறந்துவிடுவார்கள். அவளைப் பக்கத்தில் உட்காரவைத்து, பழைய காரை வளைவுக்கு வளைவு உலுக்கி அலறவைப்பது. பிறகு சிவப்புக் காரில் வெண்ணெயாய் வழுக்கிக் காட்டுவது.

"ரெண்டையும் ஒப்பிட்டுப் பார்த்துடலாமே?" என்றேன், முகத்தைக் குழந்தைபோல் வைத்துக்கொண்டு.

"பார்க்கலாம். ஆனா நீ ஓட்டினா செல்லாது. பழசை வேணும்னே ஆட்டுவே. ரெண்டையும் நானே ஓட்டறேன்."

"நீயா? அங்க எழுபது வளைவுக்கு மேல இருக்கு!"

"இருபது வருஷமா இந்த மலையில ரொட்டிக்கடை வேன் ஓட்டறேன். எனக்கா வளைவு சொல்லித் தரே?"

மாலையில் ஹெரிபெர்ட்டும் தன் காரோடு அங்கே வந்து சேர்ந்தான். ரோஸ்வீத்தா முதல் சுற்றைப் பழைய காரில் முடித்தாள். தலைமுடிகூடக் கலையவில்லை. இறங்கி நேரே சிவப்புக் காரில் ஏறிப் போனாள்.

பத்து நிமிடம் ஆயிற்று. பதினைந்து ஆயிற்று. திடீரென்று சைரன் ஊளையிட்டது. நுழைவாயிலை மூடினார்கள். ஆம்புலன்ஸ் ஒன்று சீறிக்கொண்டு உள்ளே போனது. பழைய காரின் அச்சு ஒன்று. என் அச்சமோ ஆயிரம். கடவுளே, ஒரு அச்சு போதும், ஒரு சக்கரம்கூடப் போதும், அவளை மட்டும் திருப்பிக் கொடு என்று வேண்டினேன்.

"காருக்கு ஒண்ணும் ஆகியிருக்காதுல்ல?" என்றான் ஹெரிபெர்ட்.

"இன்னொரு வார்த்தை பேசினே, உன் கழுத்துக்கும் வலி வந்துடும்."

கடைசியில் மஞ்சள் விளக்கு சுழலும் பாதுகாப்பு வண்டிக்குப் பின்னால் சிவப்புக் கார் ஊர்ந்து வந்தது. ஓடிப்போய்க் கதவைத் திறந்து அவளைக் கட்டிக்கொண்டேன். அழுதேன் என்பதை மறைப்பதற்கில்லை. ஹெரிபெர்ட்டே கைக்குட்டை கொடுத்தான்.

"ஒருத்தன் பைக்கோட சறுக்கி நடுரோட்டுல கிடந்தான்," என்றாள் அவள். "கால் முறிவுதான், பொழைச்சுக்குவான். பிரேக்கை மிதிச்சுக்கிட்டே சட்டுன்னு ஒடிச்சேன். வண்டி கொஞ்சங்கூடத் தடம் பிசகலை. நம்ம காரா இருந்தா பின்பக்கம் முன்னால வந்திருக்கும். நீ சொன்னதுதான் சரி. வாங்கிடலாம்."

கண்ணீரோடு ஹெரிபெர்ட்டின் கையைக் குலுக்கினேன். கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்தில் முதல் வெற்றி!

அடுத்த சனிக்கிழமை காலை. ஓட்டுவதற்கென்றே வாங்கிய தோல் கையுறையை மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தேன். ஸ்டியரிங் முன்னால் ரோஸ்வீத்தா. பக்கத்துச் சீட்டில், தலையில் துணி கட்டிக்கொண்டு, அவள் அம்மா.

"மோசல் ஆத்தங்கரையில திராட்சை மது விழா. அம்மாவுக்கு ஆசை," என்றாள்.

"ரோஸ்வீத்தா... நான் ஓட்டறதுக்குன்னுதானே..."

அவள் என் கன்னத்தைத் தொட்டாள். "அன்னைக்கு நீ அழுததைப் பார்த்தேன் வின்ஃப்ரீட். பத்திரமான கார்ல நான் போனாத்தானே உனக்கு நிம்மதி?"

சிவப்புக் காரில் அடங்காத மாமியாரின் மூன்று பெட்டிகளையும் தூக்கி, இன்னும் விற்காத பழைய காரில் ஏற்றிக்கொண்டு அவர்கள் பின்னால் கிளம்பினேன்.