பூமிக்கு வேர்த்த எண்ணெய்

ஊரே புட்டியும் கையுமாகக் கிளம்பிவிட்டது! கிடங்குத் தெருவில் பூமிக்கு வேர்க்கிறதாம். வேர்வை மஞ்சளாக, பிசுபிசுப்பாக, டீசல் நாற்றத்தோடு வருகிறதாம். டீசல் நாற்றம் அடிப்பது டீசலாகவே இருக்கலாமே என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. தோன்றியிருந்தால் ஊசல் மகான் பிழைப்பது எப்படி?

மகானின் மூலதனம் ஒரு நூல், அதன் முனையில் ஒரு பித்தளைக் குண்டு. தெய்வ எண்ணெய்க்கு மேலே பிடித்தால் குண்டு சுற்றுமாம். சாதா எண்ணெய் என்றால் அசையாதாம். தெருவில் கசிந்ததன் மேல் ராட்டினமாய்ச் சுற்றியது. மூட்டுவலிக்காரர்கள் முழங்காலில் அள்ளித் தேய்த்தார்கள். தோல் கொப்பளித்தது. “வலி வெளியேறுது” என்றார் மகான். தெருக்கோடி எரிபொருள் கிடங்கின் முதலாளிதான் மகானுக்குப் பந்தல் போட்டுக் கொடுத்தவர். அடடா, என்ன பக்தி!

அதே தெருவில் குடியிருந்த நகராட்சித் தலைவரின் தங்கைக்கு மட்டும் பக்தி வரவில்லை, குமட்டல்தான் வந்தது. கசிவு அவள் அடுப்படிக்குள்ளேயே வந்துவிட்டது. அடுப்பைப் பற்றவைக்கப் பயம். கைக்குழந்தை இருமி இருமித் துவண்டு கிடந்தது. ஜன்னலுக்கு வெளியே பக்தர்கள் மெழுகுவத்தி ஏற்ற ஆரம்பித்தார்கள். குழந்தையைத் தூக்கிக்கொண்டு நேரே அண்ணன் அலுவலகத்துக்கு ஓடினாள்.

சாலையைத் தோண்டிக் கசிவை அடைக்கப் பொறியாளர் கேட்டிருந்த அவசர அனுமதி மேஜைமேல் கிடந்தது. கையெழுத்து மட்டும் பாக்கி. எதிர் நாற்காலியில் யார்? சாட்சாத் மகான்!

“ஏன்ணா இன்னும் கையெழுத்துப் போடல?”

“மகான் சம்மதிக்கலம்மா. தெய்வ எண்ணெய்யில கடப்பாரை பட்டா, அனுமதி குடுத்தவன் பதவி போயிடுமாம்.”

“உன் மருமகன் உசிரு போனா பரவாயில்லையா?”

அண்ணன் நெளிந்தார். அவள் குழந்தையை அவர் மடியில் போட்டுவிட்டு வெளியே போனாள். துணி சுற்றிய இரண்டு புட்டிகளோடு திரும்பி வந்தாள்.

“சாமி, இதுல எது தெய்வ எண்ணெய், எது சாதா எண்ணெய்? உங்க குண்டு சொல்லட்டும். சொல்லிட்டா நானே முதல் ஆளா வந்து பந்தல்ல உக்கார்றேன்.”

வாசலில் கூட்டம் எட்டிப் பார்த்தது. மறுக்க முடியுமா? மகான் கண்ணை மூடி ஏதோ முனகினார். இடது புட்டியின் மேல் குண்டு அசையவில்லை. வலது புட்டியின் மேல் அது சுற்றிய சுற்றில் பார்த்தவர்களுக்கே தலை சுற்றியது.

“இதாம்மா தெய்வம்! அது வெறும் எண்ணெய்.”

“ரெண்டும் இந்த ஆபீஸ் ஜெனரேட்டர் டீசல். இப்பதான் ஒரே கேன்ல இருந்து ஊத்தினேன். உன் டிரைவர்தான் கேனைப் பிடிச்சாரு, கேட்டுப் பாருண்ணா.”

வாசலில் நின்ற டிரைவர் தலையாட்டினார். மகான் அவசரமாக நூலைச் சுருட்டினார். “ஜெனரேட்டர்லயும்... தெய்வம்...”

“அப்ப இடது புட்டி தெய்வம் இன்னிக்கு லீவா?”

குழந்தை மறுபடி இருமி, அண்ணன் சட்டை நிறைய வாந்தி எடுத்தது. அந்த ஈரத்தோடு அவர் பேனாவைத் தேடினார்.

சாயங்காலத்துக்குள் தோண்டிவிட்டார்கள். கிடங்கிலிருந்து வந்த குழாய் துருப்பிடித்து வாயைப் பிளந்து கிடந்தது. மகானும் பந்தல் போட்ட கிடங்கு முதலாளியும் ஒரே வண்டியில் காவல் நிலையம் போனார்கள்.

வண்டி நகர்ந்ததும், முழங்கால் முழுக்கக் கொப்புளத்தோடு ஒருவர் தங்கையிடம் வந்து ரகசியமாகக் கேட்டார்: “அம்மா, அந்த வலது புட்டியில மிச்சம் மீதி இருக்குமா?”

அவளுக்கு அழுவதா சிரிப்பதா என்றே தெரியவில்லை.

“ஐயா, தலை எண்ணெய் தேய்ச்சுக்க மட்டும் இல்ல. உள்ள ஒண்ணு சும்மாவே கிடக்கு. அதையும் ஒரு தடவை உபயோகிச்சுத்தான் பாருங்களேன்!”